தத்தெடுத்த குட்டி ஒரே வாரத்தில் செத்துப்போவது ஏன்?

14 செப்டம்பர் 2025 – கேள்வி

தத்தெடுப்பு முகாம்ல ஒரு நாட்டு நாய்க்குட்டி எடுத்தோம். ஐம்பது நாள் வயசு. ஒரு ஊசி போட்டாச்சுன்னு கார்டும் கொடுத்தாங்க. நல்லாத்தான் ஓடியாடிட்டு இருந்தது. ஆறாம் நாள் வாந்தி, அன்னைக்கு ராத்திரியே ரத்தக் கழிச்சல், எட்டாம் நாள் போயிடுச்சு. நோய்க்குட்டின்னு தெரிஞ்சே தலையில கட்டிட்டாங்க. இனிமே காசு கொடுத்து கடையில வாங்கறதுதான் சரின்னு வீட்ல சொல்றாங்க. காப்பகத்துல யாரும் எடுக்காதீங்க.

14 செப்டம்பர், இரவு

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. கிருமி உடம்பில் ஏறி, நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். சில குட்டிகளுக்குப் பதினான்கு நாள்கூட. முகாமில் துள்ளி விளையாடிய குட்டி ஆறாம் நாள் படுத்தால், முகாமுக்கு முன்பே அல்லது முகாமிலேயே ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கொடுத்தவர் கண்ணுக்கும் அன்று அது நல்ல குட்டிதான். தெரிந்தே கொடுத்தார்கள் என்று சொல்ல இதில் ஆதாரம் இல்லை.

ஊசி போட்டும் எப்படி வந்தது? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை, போடும் ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு ஆறு வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினாறு வாரம்வரை நிற்கும். நடுவில் இரண்டு மூன்று வாரம் ஒரு பள்ளம் உண்டு: தாய் கொடுத்தது நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும். இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் முடியும்வரை போடச் சொல்கிறார்கள். கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். "ஒரு ஊசி போட்டாச்சு" என்ற கார்டு ஒரு தொடக்கம். பாதுகாப்பு இன்னும் வரவில்லை.

கடைக் குட்டிக்கும் இதே கணக்குதான். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து, பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அங்கே பார்வோ குறைவாக இருக்க ஒரு காரணமும் இல்லை.

15 செப்டம்பர்

சிகிச்சை பற்றி ஒரு வரி. ட்ரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக், சர்க்கரை அளவு பார்ப்பது, வாந்தி நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. இவ்வளவும் நேரத்துக்குக் கிடைத்தால் பத்தில் எட்டு ஒன்பது குட்டி பிழைக்கும். கிடைக்காவிட்டால் பத்தில் ஒன்பது போய்விடும். இளநீர், தயிர், மாதுளம் தோல் என்று வீட்டில் கழியும் ஒரு ராத்திரிதான் பெரும்பாலும் உயிரை எடுக்கிறது. குட்டி ஒரு வேளை சாப்பாட்டை மறுத்து, மூலையில் சுருண்டு படுத்தாலே மருத்துவரிடம் போங்கள். ரத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

15 செப்டம்பர், மாலை

"வீட்டைப் பினாயில் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டோம், அடுத்த குட்டி எப்போது எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பினாயிலுக்குப் பார்வோ சாகாது. குளோரினுக்குச் சாகும். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு, மலம் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு திரவ ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு ஆறு கிராம், அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். பத்து நிமிடம் தரை ஈரமாகவே நிற்க வேண்டும், அப்புறம் நல்ல தண்ணீரால் அலசல். பவுடர் கட்டிதட்டி, வாசனை குறைந்திருந்தால் அதில் வீரியம் இல்லை, புதிது வாங்குங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுப் புகை கிளம்பும்.

தரை, கிண்ணம், சங்கிலி எல்லாம் இப்படிச் சுத்தமாகும். சாக்கு, பஞ்சு மெத்தை, மரக் கூண்டு ஆகாது, தூக்கி எறியுங்கள். மண் தோட்டமும் ஆகாது. நிழலான மண்ணில் இந்தக் கிருமி மாதக்கணக்கில், ஒரு வருடம்கூடக் கிடக்கும். ஆகவே அந்த வீட்டுக்கு அடுத்து வருவது தடுப்பூசி முழுக்க முடிந்த நாயாக இருக்கட்டும்.

17 செப்டம்பர்

முந்தாநாள் எழுதியதைக் கொஞ்சம் நீட்டுகிறேன், இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல்முறை தத்தெடுப்பவர்கள் குட்டியை விட்டுவிட்டு, இரண்டு மூன்று வயது நாயைப் பாருங்கள். முகாமில் குட்டிகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பெரிய நாய்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். பார்க்கவே மனசு கனக்கும்.

இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு பெரிய நோய்க் கண்டங்களையும் தாண்டி வந்த உடம்பு அது. எவ்வளவு வளரும், குழந்தைகளிடம் எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்று பராமரிப்பவர் பார்த்துச் சொல்ல முடியும். குட்டியிடம் இதெல்லாம் ஊகம்தான். கருத்தடை பெரும்பாலும் முடிந்திருக்கும். ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964லேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கிய ஊர் சென்னை. காது நுனியில் வெட்டு இருந்தால் அறுவை முடிந்தது என்று அடையாளம்.

பெரிய நாயைப் பார்க்கப் போகும்போது கூண்டுக்கு வெளியே, சங்கிலியில், இருபது நிமிடம் நடத்திப் பார்க்கக் கேளுங்கள். கூண்டுக்குள் குரைத்துக் கம்பியில் பாயும் நாய், வெளியே வந்ததும் தரையை மோந்துகொண்டு அமைதியாக நடப்பது சாதாரணம். கூண்டுக்குள் பார்ப்பதை வைத்து முடிவெடுத்தால் நல்ல நாய்களை இழப்பீர்கள்.

18 செப்டம்பர் – திருத்தம்

நோய் தெரியப் பதினான்கு நாள்கூட ஆகும் என்று முதலில் எழுதியதை வைத்து, பதினான்கு நாள் தனியாக வைத்தால் எல்லா நோயும் தெரிந்துவிடும் என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது பார்வோவுக்கான கணக்கு. ரேபிஸுக்கு அது பொருந்தாது. வெறிநாய் கடித்த குட்டிக்கு நோய் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே தெருவிலிருந்து வந்த குட்டியின் உடம்பில் காரணம் தெரியாத கடிக்காயம் இருந்தால், எடுத்த அன்றே மருத்துவரிடம் காட்டிச் சொல்லுங்கள். குட்டிகளுக்கு ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில்தான் வழக்கமாகப் போடப்படும். அதற்கு முன்னால் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால் "பால் பல்தானே" என்று விடக் கூடாது.

குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே முதல் ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே எதிர்ப்புச் சக்தி தரும் மருந்து) காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

"கடித்த நாயைப் பத்து நாள் பார்" என்ற விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பத்து நாள் காத்திருந்து ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு. உயிரைப் பணயம் வைக்கும் தப்பு அது. ஊசியை உடனே தொடங்க வேண்டும்; பத்தாம் நாளும் நாய் நலமாக இருந்தால், மிச்ச ஊசியை மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம். காப்பகத்தில் கை கொடுப்பவர்கள், அடிக்கடி தத்து எடுத்துக் கொடுப்பவர்கள் முன்கூட்டியே 0, 7, 21 என்று மூன்று ஊசி போட்டுக்கொள்வது நல்லது. பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும்.

21 செப்டம்பர்

பெரிய நாய் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கும். காது பின்னால் மடிந்திருக்கும், வால் வயிற்றுக்கு அடியில், கண் மட்டும் உங்கள் காலோடு நகரும். கிண்ணத்தில் வைத்த சோறு அப்படியே இருக்கும். மோப்பம் பிடிக்கக்கூட வராது. இந்த நேரத்தில் கையை நீட்டி வெளியே இழுப்பதுதான் கடிபடுவதற்கான குறுக்குவழி. விளக்கைக் குறைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். பேச வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம். தண்ணீரும் சோறும் அது எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நள்ளிரவு தாண்டி, வீடு அடங்கிய பிறகு கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்கும்.

மூன்று நாள் பயம் தெளிய, மூன்று வாரம் வீட்டுப் பழக்கம் பிடிபட, மூன்று மாதம் நம் வீடு என்று உணர. இது தோராயக் கணக்குதான், ஆனால் பயன்படும். முதல் மூன்று நாளில் குளிப்பாட்டாதீர்கள், சொந்தக்காரர்களை அழைக்காதீர்கள், பூங்காவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். சாப்பாடு காப்பகத்தில் கொடுத்ததே ஒரு வாரத்துக்கு. அதற்குப் பிறகு புது உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கூட்டிக் கலந்து, ஏழு நாளில் மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் கழிச்சல் வரும். பார்வோவா உணவா என்று உங்களுக்கும் குழப்பம், மருத்துவருக்கும் குழப்பம்.

வாசலில் சங்கிலியை இரண்டு இடத்தில் மாட்டுங்கள், ஒன்று கழுத்துப்பட்டையில், ஒன்று மார்புப்பட்டையில். பயந்த நாய் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும். தொலைந்துபோகும் தத்து நாய்களில் பல, முதல் வாரத்தில், வீட்டு வாசலிலேயே இப்படித்தான் போகின்றன.

25 செப்டம்பர்

ஈறு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைவு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் ரத்தசோகை, உண்ணிக்காய்ச்சல் சந்தேகம். மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவமனை. நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பு, நிறமே தெரியாது. அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

28 செப்டம்பர்

பூனைக்காரர்கள் பொறுமையாக இருந்தீர்கள். பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஒரே அறை. கதவு உள்ள அறை, ஜன்னலுக்கு வலை. ஒளிந்துகொள்ள கவிழ்த்த அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மலஜலம் கழிக்க மண்தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு. இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஒன்றைப் புறக்கணிக்கும். தட்டு பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, மண் இரண்டு மூன்று அங்குல ஆழம். சலித்த ஆற்று மணல், மரத்தூள் எல்லாம் ஆகும், வாசனை போட்டது வேண்டாம். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் வருவதுதான் தட்டுகளின் எண்ணிக்கை.

பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் நாயைப் போல அது விரதம் இல்லை. கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து, குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். முதல் நாள் பயத்தில் சாப்பிடாவிட்டால் சரி. இரண்டாம் நாள் சூடாக்கிய கோழி, மத்தி வேகவைத்த தண்ணீர் என்று மணத்தைக் காட்டி இழுங்கள். மூன்றாம் நாளைக்குத் தள்ளாமல் மருத்துவர்.

ஆண் பூனை தட்டில் ஏறி ஏறி உட்கார்ந்து, முக்கி, சொட்டு மூத்திரம்கூட வராமல் இறங்கினால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். மூத்திரப்பாதை அடைப்பு. ஒரு நாளைத் தாண்டினால் உயிர் போகும்.

வீட்டில் இருக்கும் மூன்று பொருள் பூனைக்கு விஷம்: பாராசிட்டமால் (அரை மாத்திரைகூட), நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு, பினாயில். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கியே உடம்புக்குள் போகும். பூனை உள்ள வீட்டில் சோப்புத் தண்ணீர் போதும்.

2 அக்டோபர் – மேலே எழுதியதற்கு ஒட்டு

ஏற்கெனவே பூனை இருக்கிற வீடு என்றால் தனி அறை பதினான்கு நாள் போதாது, மூன்று வாரம் வையுங்கள். படர்தாமரை முடியில் தெரிய நாளாகும். லுகீமியா, எய்ட்ஸ் போன்ற பூனை வைரஸ்களுக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் சோதனை உண்டு. முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும், லுகீமியாவுக்கு ஒரு மாதமும் மற்றதற்கு இரண்டு மாதமும் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பூனை எய்ட்ஸ் மனிதருக்கு ஒட்டாது, அந்தப் பூனையும் வீட்டுக்குள்ளேயே பல வருடம் நன்றாக வாழும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை வெளியேற்றச் சொல்கிறார்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வெளியேற்ற வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் மலத்தில் வந்ததும் ஒட்டாது, வீரியம் வர ஒரு நாளாவது ஆகும். தினமும் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அதைவிடப் பெரிய வழி.

8 அக்டோபர்

2025 தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி. இந்த இரண்டு வாரத்தில் யாரும் புதிதாகத் தத்தெடுக்காதீர்கள். வந்து பத்தே நாளான நாய் முதல் சரவெடிக்கு மாடிச் சுவரைத் தாண்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2025இல் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6–7, இரவு 7–8. தெருவில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், ஆகவே காலை நடையை ஐந்துக்கும் மாலை நடையைப் பொழுது சாய்வதற்கு முன்பும் முடியுங்கள். ஜன்னல் குறைந்த உள் அறை, ஓடும் மின்விசிறி, சத்தமாக வானொலி. நடுங்கும்போது தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறு, தாராளமாகப் பக்கத்தில் உட்காருங்கள். மிகவும் பயப்படும் நாய்க்கு மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், பயத்தைக் குறைக்கும் கேபாபென்டினோ ட்ராசடோனோ. முன்னதாக ஒரு நாள் கொடுத்துப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வழக்கப்படி ஏசிபி (அசெப்ரோமசின் என்ற மயக்க மருந்து) எழுதினால் வேறு மருந்து கேளுங்கள். அது உடம்பை அசையாமல் கிடத்தும். பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

29 அக்டோபர்

மழைக்கால உண்ணி. நாயின் மேல் பத்து தெரிந்தால் வீட்டில் நூறு இருக்கிறது. பெண் உண்ணி ரத்தம் குடித்துப் புடைத்ததும் இறங்கி, சுவர் விரிசலில், கதவு நிலையின் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. ஃப்ளூரலனர் மாத்திரை ஒன்று பன்னிரண்டு வாரம் நிற்கும், ஃபிப்ரோனில் சொட்டு ஒரு மாதம். வலிப்பு வரும் நாய்க்கு அந்த மாத்திரை தரும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இடுக்குகளைச் சிமெண்டால் அடையுங்கள்.

சொறிக்குப் பழைய என்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் பூசுவது இன்னும் ஊர்ப்பக்கம் நடக்கிறது. தோல் வெந்து, நக்கி, ஈரல் கெடும். மேலே சொன்ன ஃப்ளூரலனர் மாத்திரையே சொறிப்பூச்சியையும் கொல்லும்.

காய்ச்சல், சாப்பாடு வேண்டாம், மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். ரத்தத் தட்டணு எண்ணிக்கை பாருங்கள். டாக்ஸிசைக்ளின் 28 நாள் தருவார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளும், அங்கே நிறுத்தாதீர்கள். பூனைக்கு அதே மாத்திரை எழுதினால், விழுங்கிய உடனே சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீர் கொடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிச் சுருங்கிவிடும்.

9 நவம்பர்

சாப்பாட்டு அளவு கேட்டவர்களுக்கு. கருத்தடை செய்த 15 கிலோ நாய்க்கு நாளைக்குச் சுமார் 850 கலோரி. வேகவைத்த எலும்பில்லாத கோழி 250 கிராம், சோறு 250 கிராம், பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, இரண்டு வேளையாக. இதில் கால்சியம் கிடையாது. முட்டை ஓட்டைக் காயவைத்து நைசாக அரைத்த பொடி அரை டீஸ்பூன் தினமும். வெங்காயம், பூண்டு, திராட்சை கூடாது. வெந்த எலும்பு கூடாது, சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணில் தெரியக் கூடாது. அதுதான் தராசு.

வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. வெறும் கோழி சாதத்தில் வளரும் குட்டிக்கு எலும்பு மெலிந்து கால் வளையும். ஒரு வயதுவரை குட்டிகளுக்கான உணவே கொடுங்கள். பூனையைச் சைவமாக வளர்க்கவே முடியாது, அதற்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் இருக்கிறது. தயிர்ச்சோற்றில் வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். சைவத்தில் பிடிவாதம் உள்ள வீடு, பூனை எடுக்க வேண்டாம்.

3 டிசம்பர்

அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போடுகிறது என்ற கேள்வி நான்காவது முறையாக வருகிறது. விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலின்படி, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணியைத் தடை செய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. அதே வழிகாட்டுதல் அசுத்தத்தை அள்ள வேண்டிய பொறுப்பை உங்களிடம் நினைவூட்டுகிறது, அதையும் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டுத் தத்தெடுங்கள். வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்றுதான் நிறைய நாய்கள் திரும்பி வருகின்றன.

சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். ரேபிஸ் ஊசிச் சான்றும் பதினைந்து இலக்க மைக்ரோசிப் எண்ணும் வேண்டும். தெருநாயைத் தத்தெடுப்பவர்களுக்கு இன்னொன்று: 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு.

14 டிசம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மூன்று மாதமாகிவிட்டது, காப்பகத்தில் மூன்று வயதுப் பெண் நாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், பழுப்பு நிறம், காதில் வெட்டு, ஊசி எல்லாம் முடிந்தது. மிகுந்த சந்தோஷம். தாராளமாக எடுங்கள், வீட்டு மண்ணில் கிருமி மிச்சம் இருந்தாலும் ஊசி முடிந்த பெரிய நாய் தாங்கும்.

கூட்டிவரும் நாளில் ஊசிக் கார்டில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆட்டோவில் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்று சுற்றி, நாயைக் காலடியில் உட்கார வையுங்கள். வாந்தி எடுக்கலாம், பழைய துண்டு இரண்டு வேண்டும். அது இப்போது படுத்திருக்கும் சாக்கையோ துணியையோ கேட்டு வாங்கி வாருங்கள். பழகிய வாசனை போகாதபடி, துவைக்காமல் கட்டிலுக்கு அடியில் விரித்து வையுங்கள்.